நீரிழிவு கண்டறியப்பட்ட பின்: மருத்துவ உதவியை எப்போது நாடுவது?

நோய் ஒன்று கண்டுபிடிக்கப்படுவது வேறு. அந்நோய்க்குரிய உதவி உரிய காலத்தில் நோயாளியைச் சென்றடைவது வேறு. நம் நாட்டில் நீரிழிவைக் கண்டறியும் பணி கடந்த பதினைந்து ஆண்டுகளில் கணிசமாக விரிவடைந்துள்ளது. கண்டறியப்பட்டவர் அதன்பின் எந்த அறிகுறிக்கு எவ்வளவு விரைவாக மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்ற அறிவு அதே அளவுக்குப் பரவவில்லை. பரிசோதனைச் சீட்டைப் பெற்றுக் கொண்டவர்களில் ஒரு சாரார் அஞ்சி ஒவ்வொரு சிறு உபாதைக்கும் ஓடுகின்றனர். மற்றொரு சாரார், உடம்பில் தொந்தரவு ஏதும் இல்லையே என்று சீட்டை மடித்து வைத்து விடுகின்றனர். இரண்டாமவருக்கு நேரும் இழப்பே பெரிது.

பிரச்சினையின் அளவை முதலில் நோக்குவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் 2008 முதல் 2020 வரை 31 மாநிலங்களிலும் ஒன்றிய ஆட்சிப் பகுதிகளிலும் 1,13,000க்கும் மேற்பட்டோரிடம் ஆய்வு ஒன்று நடத்தப்பட்டது. அதன் முடிவுகள் 2023ஆம் ஆண்டில் வெளியாயின. வயது வந்தோரில் 11.4 சதவீதத்தினருக்கு நீரிழிவும், 15.3 சதவீதத்தினருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பது தெரிய வந்தது. 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி இவர்களின் எண்ணிக்கை முறையே ஏறத்தாழ 10.1 கோடியும் 13.6 கோடியும் ஆகும். கோவாவில் 26.4 சதவீதம், புதுச்சேரியில் 26.3 சதவீதம், கேரளத்தில் 25.5 சதவீதம் என்றிருக்கும் நோயின் அளவு உத்தரப் பிரதேசத்தில் 4.8 சதவீதமாகவே உள்ளது. ஆயினும் அம்மாநிலத்தில் நோய்க்கு முந்தைய நிலையில் இருப்போர் 18 சதவீதம் என்பதால், அங்கும் புதிய நோயாளிகள் பெருமளவில் தோன்றுவர் என்பது தெளிவு.

இதே ஆய்வின் மற்றொரு பகுதி 2022ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தமக்கு நீரிழிவு இருப்பதை அறிந்தவர்களிலும் 36.3 சதவீதத்தினர் மட்டுமே சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தனர். சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகிய மூன்றையும் ஒருசேரக் கட்டுப்படுத்தியவர்கள் 7.7 சதவீதமே. நோய் தெரிந்திருப்பது மட்டும் போதுமானதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பரிசோதனைச் சீட்டில் உள்ள எண்கள்

வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் டெசி லிட்டருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் சர்க்கரை இருந்தாலும், 75 கிராம் குளுக்கோஸ் அருந்திய இரண்டு மணி நேரத்திற்குப்பின் 200 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தாலும் அது நீரிழிவாகும். ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்னும் பரிசோதனையில் 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பதும் அவ்வாறே. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கருவியில் பார்ப்பது நோயாளிகளைச் சலித்தெடுக்கும் முதற்படியே ஆகும். வெளிப்படையான அறிகுறிகள் இல்லாதபோது, ஆய்வுக்கூடத்தில் மறுபரிசோதனை செய்து உறுதிப்படுத்திக் கொள்ள வேண்டும்.

எண் உறுதியான பின், எவ்வளவு விரைவில் மருத்துவரைக் காண்பது என்பதை மூன்று விவரங்கள் தீர்மானிக்கின்றன: நோயாளியின் வயது, சர்க்கரையின் அளவு, உடன் காணப்படும் அறிகுறிகள். நடுத்தர வயதினர் ஒருவருக்கு அளவு 150 என்றும், தாகமோ உடல் மெலிவோ இல்லை என்றும் கொண்டால், அவர் ஓரிரு வாரங்களுக்குள் மருத்துவரைக் கண்டு சிகிச்சையைத் தொடங்குவது போதுமானது. அதே மனிதருக்கு அளவு 300க்கு மேல் இருந்து, அடங்காத தாகம், இரவில் பலமுறை சிறுநீர் கழித்தல், சில வாரங்களில் எடை குறைதல் ஆகியவையும் இருப்பின் அன்றோ மறுநாளோ செல்ல வேண்டும். நோயாளி குழந்தையாகவோ இளைஞராகவோ இருந்தால் அன்றைய தினமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஒரு நாளும் ஒத்திப் போடலாகாது.

குழந்தைகள் பற்றி இவ்வளவு கண்டிப்பாகக் கூறுவதற்குக் காரணம் உண்டு. அவர்களுக்குப் பெரும்பாலும் வருவது முதல் வகை நீரிழிவு. இதில் கணையம் இன்சுலினைச் சுரப்பதை அறவே நிறுத்தி விடுகிறது. 1921ஆம் ஆண்டில் டொரான்டோவில் பிரெடரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்து, 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்படும் வரை, இந்நோய் கண்ட குழந்தைகள் நெடுநாள் வாழ்ந்ததில்லை. படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் விட்டுப்போன குழந்தை மீண்டும் அவ்வாறு செய்யத் தொடங்குவதும், நன்கு உண்டும் மெலிவதும், ஓயாமல் தண்ணீர் கேட்பதும் பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள். இத்தகைய குழந்தைக்கு வெறும் வயிற்றுப் பரிசோதனைக்காக மறுநாள் வரை காத்திராமல் உடனே சர்க்கரையைச் சோதிக்க வேண்டும்.

ஆரம்ப ஆண்டுகளின் மதிப்பு

பெரியோர்க்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவில் தொந்தரவு ஏதும் தோன்றாமலே பல ஆண்டுகள் கழியலாம். ஆதலின் அவசரம் எதற்கு என்ற வினா எழுவது இயல்பு. இதற்கு விடை அளித்தது பிரிட்டனில் 1977ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு நெடிய ஆய்வு. புதிதாக நோய் கண்டறியப்பட்ட 5,102 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். சேரும்போதே அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கண், சிறுநீரகம், நரம்பு, இரத்தக் குழாய் ஆகியவற்றில் ஏதேனும் ஒரு பாதிப்பின் அடையாளம் காணப்பட்டது. முடிவுகள் 1998ஆம் ஆண்டில் வெளியாயின. தீவிரக் கட்டுப்பாட்டில் வைக்கப்பட்டவர்களுக்குக் கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்குழாய்களைத் தாக்கும் கேடுகள் 25 சதவீதம் குறைந்திருந்தன.

இதைவிடக் கருதத்தக்கது பின்னர் தெரிய வந்தது. ஆய்வு முடிந்தபின் இரு பிரிவினரின் சர்க்கரை அளவும் ஓராண்டிற்குள் சமமாகி விட்டது. ஆயினும் பத்தாண்டுத் தொடர் கண்காணிப்பின் முடிவில், தொடக்கத்தில் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கே மாரடைப்பும் மரணமும் குறைவாக நேர்ந்தன என்று 2008ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. முதல் சில ஆண்டுகளில் செய்யும் முதலீட்டின் பயன் பின்னாளிலும் தொடர்கிறது என்பதும், அவ்வாண்டுகளை வீணடித்தால் பிற்காலத்தில் எளிதில் ஈடு செய்ய இயலாது என்பதும் இதனால் விளங்கும்.

ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாதவை

நீரிழிவு உள்ளவர்க்குப் பின்வருவனவற்றுள் எது தோன்றினும், இரவு பகல் பாராது மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். 108 என்ற எண்ணுக்கு அழைத்தால் அவசர ஊர்தி கிடைக்கும்.

முதலாவது, திரும்பத் திரும்ப வாந்தி, வயிற்று வலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மூச்சில் பழம் அழுகியது போன்ற வாடை, மயக்கம் கலந்த சோர்வு ஆகியவை. இன்சுலின் பற்றாக்குறையால் உடல் கொழுப்பைக் கரைத்து எரிக்கத் தொடங்கும்போது கீட்டோன் என்னும் பொருள்கள் பெருகி இரத்தம் அமிலத்தன்மை அடைகிறது. இதனைச் சாதாரண வயிற்றுக் கோளாறு என்று எண்ணிக் கை மருந்து கொடுத்துக் காத்திருப்பது உயிருக்கு ஆபத்தாகும். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் புதிய வகை மாத்திரைகளை உட்கொள்வோருக்குச் சர்க்கரை மிக உயராத நிலையிலும் இது நேரக் கூடும் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது, முதியோரிடம் காணப்படும் கடும் நீர் வறட்சியும் மனக் குழப்பமும். சர்க்கரை 600க்கு மேல் ஏறிய நிலையில் இது தோன்றும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ தொடக்கமாக அமைந்து, சில நாட்களில் முதியவர் பேச்சு குறைந்து உறக்கத்திலேயே இருப்பார். முதுமையின் தளர்ச்சி என்று வீட்டார் இதைத் தவறாகக் கொள்வதுண்டு.

மூன்றாவது, சர்க்கரை மிகத் தாழ்ந்து நினைவு தப்புதலும் வலிப்பும். நினைவற்றவர் வாயில் நீரோ சர்க்கரைக் கரைசலோ ஊற்றுவது கூடாது; அது மூச்சுக் குழாயில் செல்லும். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து உதவியை அழைக்க வேண்டும்.

நான்காவது, நெஞ்சு வலி, திடீர் வியர்வை, மூச்சுத் திணறல், முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் சோர்தல், பேச்சுக் குழறல், திடீர்ப் பார்வை இழப்பு ஆகியவை. நரம்பு பாதிக்கப்பட்ட நீரிழிவு நோயாளிக்கு மாரடைப்பு வலியின்றியும் வரலாம். ஆகையால் காரணமற்ற மூச்சுத் திணறலையும் வியர்வையையும் அலட்சியம் செய்யலாகாது.

ஓரிரு நாட்களுக்குள் காட்ட வேண்டியவை

பாதத்தில் தோன்றும் கொப்புளம், வெடிப்பு, புண், சிவந்த வீக்கம் ஆகியவற்றை அன்றோ மறுநாளோ காட்ட வேண்டும். உணர்ச்சி குன்றிய பாதத்தில் வலி தெரியாது. எனவே வலி இல்லாமை நற்குறியன்று. வயலில் வெறுங்காலுடன் உழைப்பவர், கோடையில் கோயிலின் சுடுகல் தளத்தில் நடப்பவர் ஆகியோர் மாலைதோறும் தம் பாதங்களைத் தாமே பார்க்க வேண்டும். பார்வை குறைந்தவர் பிறரைக் கொண்டு பார்ப்பது நல்லது. புண்ணைச் சுற்றிக் கறுத்தாலோ, உடன் காய்ச்சல் கண்டாலோ அது அவசர நிலையாகும்.

சர்க்கரை அடுத்தடுத்த இரு சோதனைகளில் 300க்கு மேல் இருத்தல், காய்ச்சலுடன் உணவு கொள்ள இயலாமை, சிறுநீர் கழிக்கையில் எரிச்சலும் குளிர் காய்ச்சலும், 70க்குக் கீழ் சர்க்கரை மீண்டும் மீண்டும் இறங்குதல் ஆகியவையும் இவ்வகையினவே. கருவுற்ற பெண்ணுக்கு நீரிழிவு கண்டறியப்பட்டால் அடுத்த மாதப் பரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே மருத்துவரின் கண்காணிப்பில் வருதல் வேண்டும். தாய், சேய் இருவரின் நலனும் இதில் அடங்கியுள்ளது.

இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமலுக்கு நம் நாட்டில் தனிப் பொருள் உண்டு. நீரிழிவு உள்ளவர்க்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம். இவ்விரு நோய்களையும் இணைத்துக் கவனிப்பதற்கான தேசியச் செயல்முறை 2017ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. இருமல் உள்ளவர் சளிப் பரிசோதனை செய்து கொள்வது அவசியம்.

நாள் குறித்துச் செல்ல வேண்டியவை

அவசரம் எதுவும் இல்லாத நோயாளிக்கும் முதல் ஆண்டிற்கு ஓர் ஒழுங்கான அட்டவணை உண்டு. மருந்து தொடங்கிய இரண்டு முதல் நான்கு வாரங்களில் மருத்துவரை மீண்டும் காண வேண்டும். எச்பிஏ1சி பரிசோதனையை மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும், நிலைமை சீரடைந்தபின் ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும் செய்வது முறை. பலருக்கும் 7 சதவீதத்திற்குக் கீழ் இருப்பது இலக்காகும். முதியோருக்கும் வேறு நோய்கள் உள்ளோருக்கும் மருத்துவர் இதைத் தளர்த்தி அமைப்பார்.

இரண்டாம் வகை நோயாளி, நோய் தெரிந்த உடனேயே விழித்திரைப் பரிசோதனை செய்து கொள்ள வேண்டும். நோய் பல ஆண்டுகளுக்கு முன்பே உடலில் தொடங்கியிருக்கலாம் என்பதே காரணம். பார்வை தெளிவாக இருப்பதால் விழித்திரை நலமாக உள்ளது என்று கொள்ள இயலாது. அவ்வாறே சிறுநீரில் ஆல்புமின், இரத்தத்தில் கிரியாட்டினின், கொழுப்பு, இரத்த அழுத்தம், பாத உணர்ச்சி ஆகியவற்றையும் தொடக்கத்தில் ஒருமுறையும் பின்னர் ஆண்டுதோறும் பார்த்து வரவேண்டும். இரத்த அழுத்தத்தை ஒவ்வொரு சந்திப்பிலும் பார்ப்பது நன்று. புதிய கண்ணாடி வாங்க எண்ணுவோர் ஒன்றைக் கருத்திற் கொள்ள வேண்டும்: சிகிச்சையின் முதல் சில வாரங்களில் சர்க்கரை இறங்கும்போது பார்வை சற்று மாறக்கூடும், அது நிலைபெற்றபின் கண்ணாடியின் அளவைத் தீர்மானிப்பது சிக்கனமாகும்.

வீட்டில் செய்யத்தக்கவை

எல்லாவற்றிற்கும் மருத்துவமனை தேவையன்று. இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர் உணவு நேரம் தவறினால் சர்க்கரை தாழ்ந்து, வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும் பசி, எரிச்சல் ஆகியவை தோன்றும். நினைவு தெளிவாக இருக்கும்போது மூன்று அல்லது நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து அருந்தி, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். குறைவு நீடித்தால் மறுமுறை அருந்தி, பின் உணவு கொள்ள வேண்டும். கொழுப்பு மிகுந்த இனிப்புப் பண்டங்கள் இதற்கு ஏற்றவையல்ல. அவற்றிலிருந்து சர்க்கரை மெதுவாகவே இரத்தத்தில் ஏறும். மாத்திரையினால் நேர்ந்த தாழ்வு பல மணி நேரம் கழித்தும் திரும்பக் கூடுமாதலால், நலமடைந்த பின்னும் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

உணவு உண்ணவில்லை என்று கருதிக் காய்ச்சல் காலத்தில் இன்சுலினை நிறுத்தி விடுவது பெருந்தவறு. நோயுற்ற உடலுக்கு இன்சுலின் தேவை பெரும்பாலும் கூடுகிறது. மாறாக, சில மாத்திரைகளை வாந்தியும் வயிற்றுப்போக்கும் உள்ள நாட்களில் நிறுத்தி வைக்க நேரும். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை நலமாக இருக்கும் நாளிலேயே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக் கொள்வது அறிவுடைமை. ரமலான் நோன்பு, ஏகாதசி, கர்வா சௌத் போன்ற விரதங்களை மேற்கொள்வோரும் சில வாரங்களுக்கு முன்பே ஆலோசனை பெற்றால் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றியமைக்க முடியும்.

தாமதத்தின் விலை

நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து நேரடியாகச் செலவிட்ட பங்கு 2013-14ஆம் ஆண்டில் 64.2 சதவீதமாக இருந்தது, 2021-22இல் 39.4 சதவீதமாகக் குறைந்தது. இது வரவேற்கத்தக்க முன்னேற்றமே. எனினும் நீரிழிவு பல பத்தாண்டுகள் நீடிக்கும் நோயாகையால், மாதந்தோறும் ஏற்படும் சிறு செலவும் ஏழைக் குடும்பத்தைத் தளர்த்தி விடும். தினக் கூலித் தொழிலாளிக்கு மருத்துவமனைக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் ஊதியம் இழந்த நாளாகும். அவர் வருகையைத் தள்ளிப் போடுவதை அறியாமை என்று மட்டும் கூறுவது நியாயமாகாது.

ஆயினும் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பாதத்திலுள்ள சிறு புண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டுப் போடுவதால் இழப்பது அரை நாள் கூலி. அதே புண் எலும்பு வரை பரவிக் காலை நீக்க நேர்ந்தால் இழப்பது வாழ்நாள் முழுவதற்குமான உழைப்பு. குடும்பம் கடன்படும், பிள்ளைகளின் படிப்பு நின்று போகும். விழித்திரை, சிறுநீரகம் ஆகியவற்றுக்கும் இக்கணக்கு பொருந்தும். முன்கூட்டிய சிகிச்சை செலவு என்ற தலைப்பில் வந்தாலும் உண்மையில் அது சேமிப்பே ஆகும்.

நிர்வாகத்தின் பொறுப்பு

2010ஆம் ஆண்டில் 100 மாவட்டங்களில் தொடங்கப்பட்ட தேசியத் திட்டம் பின்னர் நாடு முழுவதும் விரிவாக்கப்பட்டு, 2023 முதல் தொற்றா நோய்களின் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுக்கான தேசியத் திட்டம் என்று வழங்குகிறது. 30 வயது நிரம்பியவர்களைச் சோதிக்கும் பணியில் ஆஷா பணியாளர்களும் கிராம செவிலியர்களும் ஈடுபட்டுள்ளனர். 2018ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட நலவாழ்வு மையங்கள் இன்று ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என்ற பெயரில் இயங்குகின்றன. இ-சஞ்சீவனி என்னும் தொலை மருத்துவ சேவையும், குறைந்த விலையில் மருந்து வழங்கும் மக்கள் மருந்தகங்களும் நோயாளியின் பயணத்தையும் செலவையும் குறைக்க வல்லவை. இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ள 7.5 கோடிப் பேரை 2025க்குள் முறையான சிகிச்சையின் கீழ் கொண்டு வரும் இலக்கு 2023 மே 17 அன்று அறிவிக்கப்பட்டது.

இத்தகைய இலக்குகள் பயன் தருவது, சோதிக்கப்பட்டோரின் எண்ணிக்கையோடு திரும்ப வந்தோரின் எண்ணிக்கையும் பதிவு செய்யப்படும்போதுதான். மாவட்ட அலுவலர்கள் கருதத்தக்க எளிய வழிகள் சில உண்டு. பரிசோதனை முடிவுடன், மேலே கூறப்பட்ட மூன்று வகை அறிகுறிகளையும் வட்டார மொழியில் அச்சிட்ட ஒரு சீட்டை வழங்கலாம். மறுவருகைக்கு நாள் குறித்து, வராதவரின் பெயரை ஆஷா பணியாளரிடம் கொடுத்து விசாரிக்கச் செய்யலாம். ஒரு மாத மருந்தை ஒரே தவணையில் வழங்கினால் கூலி இழக்கும் நாட்கள் குறையும். மருந்து வாங்க வரும் நாளிலேயே பாதங்களையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்து விடலாம். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளில் இன்சுலினை ஈர மண்பானையில் வைத்துப் பாதுகாக்கும் முறையைக் கற்றுக் கொடுக்கலாம்.

நீரிழிவை அடியோடு நீக்கி விடுவதாகக் கூறும் விளம்பரங்களை நம்பி இன்சுலினையும் மாத்திரைகளையும் கைவிட்டவர்கள் ஆபத்தான நிலையில் மருத்துவமனைக்கு வருவது இன்றும் நிகழ்கிறது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தின் அட்டவணையில் நீரிழிவும் இடம் பெற்றுள்ளது. அதனைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது அச்சட்டப்படி குற்றமாகும். இச்சட்டத்தைச் செயல்படுத்துவதில் உள்ளூர் அதிகாரிகளின் விழிப்பு பெரிதும் வேண்டப்படுகிறது.

நீரிழிவுடன் நெடுங்காலம் நலமாக வாழ்வது இன்று பெரும்பாலோர்க்கு இயலக்கூடியதே. அதற்கு வேண்டிய மருந்துகள் நம் நாட்டிலேயே உற்பத்தியாகின்றன. மருத்துவ நிலையங்களும் கிராமங்களை எட்டி வருகின்றன. எந்த அறிகுறிக்கு உடனே செல்வது, எதற்கு ஓரிரு நாட்களில் செல்வது, எதற்கு நாள் குறித்துச் செல்வது என்ற பாகுபாட்டை நோயாளியும் அவர் வீட்டாரும் அறிந்து கொண்டால், அந்த நிலையங்களின் மீது நாடு செய்துள்ள செலவு உரிய பலனைத் தரும்.